ரஹீம் சாப் வீட்டுப் பிள்ளை
(நமது அறக்கட்டளையின் பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



 மக்ரிபுக்கு முன் பேச்சை முடித்துவிட வேண்டும் என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சகோதரி அலுவலகத்துக்கு வந்தார். உதவித்தொகை மனு கொடுக்க வந்தவர்தான். மனுவை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "பாய், அவங்க அத்தா சவூதியில இருந்து வந்து இருபது நாளாச்சு. அத்தாவும் மகனும் ஒரு வார்த்தை பேசிக்கிறதில்ல. இவர் வாசல் வழியா உள்ள வந்தா அவன் கொல்லை வழியா வெளிய போறான். பையன் எந்நேரமும் பந்து, பந்துன்னு கெடக்கான். நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்.

எதைச் சொல்வது? பந்தை விடு என்று பையனிடமா? பேசுங்கள் என்று அந்தப் பாயிடமா? பதினான்கு வருடமாக வருடத்துக்கு நாற்பது நாள் மட்டும் வீட்டில் இருப்பவர் அவர். பேசு என்றால் எதைப் பேசுவார்? படிக்கிறாயா, மார்க் என்ன, தொழுகிறாயா என்று மூன்று கேள்வி கேட்பார். மூன்றுக்கும் தலையாட்டிவிட்டு அவன் போய்விடுவான். இங்கே உட்கார்ந்திருக்கும் தகப்பன்மார்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்த கதைதான். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அந்தச் சகோதரி போன பிறகு எங்களுக்கு நினைவுக்கு வந்தவர்கள் ஒரு தகப்பனும் மகனும். ஹைதராபாத்தைச் சேர்ந்தவர்கள். இரண்டு பேருமே பந்தோடு கிடந்தவர்கள். இன்றைக்கு அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

தகப்பனார் பெயர் சையத் அப்துல் ரஹீம். 1909-இல் பிறந்தவர். தொழில் பள்ளி ஆசிரியர். காச்சிகுடா, சாதர்காட் என்று ஹைதராபாத்தின் பல பள்ளிகளில் பாடம் எடுத்தவர். உடற்கல்வியும் படித்தவர். ஊரே அவரை ரஹீம் சாப் என்றுதான் அழைத்தது. மகன் பெயர் சையத் ஷாஹித் ஹக்கீம். பிறந்தது 1939-இல். பிற்காலத்தில் அவரும் ஹக்கீம் சாப் ஆனார்.

ரஹீம் சாப் பெயரை இளைஞர்கள் சிலர் இப்போது அறிவார்கள். 2024-இல் வந்த 'மைதான்' என்ற இந்திப் படம் அவரைப் பற்றியதுதான். ஆனால் சினிமாவில் காட்டுவதற்கென்று கூட்டியும் குறைத்தும் இருப்பார்கள். அதை விட்டுவிட்டு, நடந்ததைப் பார்ப்போம்.

1940-களில் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் பொறுப்பை ஏற்று, ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்கும் அவர் பயிற்சியாளரானார். அன்று இந்தியக் கால்பந்து என்றால் கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் இவற்றைத் தாண்டி வேறு பேச்சே கிடையாது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பள்ளி வாத்தியார் பழக்கிய போலீஸ்காரர்கள் 1950-இல் மோகன் பகானை வென்று டூரண்ட் கோப்பையைக் கொண்டு வந்தார்கள். பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 வருடம் வேறு யாரிடமும் விடவில்லை.

அவர் பழக்கிய விதமும் வாத்தியார் விதம்தான். வலது காலில் உதைத்துப் பழகியவனை இடது காலால் மட்டும் ஆடு என்பார். பலவீனமான காலுக்கென்றே போட்டி வைத்தார். பந்தைத் தானே வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிறவர்களுக்கு மருந்தாக, யாரையும் வெட்டி முன்னேறக்கூடாது, கொடுத்து வாங்கித்தான் ஆட வேண்டும் என்ற விதியோடு இன்னொரு போட்டி. எழுத்து கோணலாக இருக்கும் பிள்ளைக்கு இரட்டைக் கோடு நோட்டு வாங்கிக் கொடுக்கும் ஆசிரியரின் மூளை இது. எங்களுக்கு மதரஸாவில் ஓதக் கொடுத்த உஸ்தாத் ஒருவரும் இப்படித்தான். எந்த எழுத்தின் உச்சரிப்பு வரவில்லையோ அந்த எழுத்து வரும் ஆயத்துகளையே ஒரு மாதம் ஓதச் சொல்வார்.

ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது 1948 செப்டம்பரில். அந்த நாட்களில் அந்நகர முஸ்லிம்களின் மனநிலை என்ன என்பதைப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிலிருந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. 1951 மார்ச்சில் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது, இந்தியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர் ஹைதராபாத்தின் ரஹீம் சாப். இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றார்கள்.

அடுத்த வருடம் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றார்கள். ஆம், பத்து! பின்லாந்தின் குளிரில் நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். நமக்குக் கிடைத்த அந்த ஒரே கோல் பெங்களூரு அஹ்மத் கான் போட்டது. அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று விதி செய்தார்கள். பத்து கோல் வாங்கி வந்தவர் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரி எப்படி ஆடியது என்பதை மண்டையில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். பின்னாளில் பிரேசில் 4-2-4 என்ற அமைப்பில் ஆடி 1958-இல் உலகக் கோப்பையை வென்றது. அதற்கு முன்பே ரஹீம் சாப் இந்திய அணியை அந்த வகையில் நிறுத்திப் பார்த்துவிட்டார் என்று கால்பந்து எழுத்தாளர்கள் குறிப்பிடுகிறார்கள்.

1956-இல் மெல்பர்ன். ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றோம். நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். அரையிறுதியில் மறுபடியும் அதே யூகோஸ்லாவியா. முதல் கோல் நம்முடையது. பிறகு 4-1 என்று தோற்றோம். பத்து எங்கே, நான்கு எங்கே என்று பாருங்கள். நான்காம் இடத்தோடு திரும்பினார்கள். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசிய நாடு ஒன்று அரையிறுதி வரை போனது அதுவே முதல் முறை.

இடையில் ஒரு சிறு செய்தி. இதைச் சொல்லாமல் போனால் ரஹீம் சாப் யார் என்பது புரியாது. செகந்தராபாத் பக்கம் அம்முகுடா என்ற இடத்தில், தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்தில் துளசிதாஸ் பலராமன் என்று ஒரு பையன் இருந்தான். பந்தாட்டத்தில் கெட்டிக்காரன். ரஹீம் சாப் அவனைப் பார்த்துவிட்டு ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வா என்றார். வந்து போகக் காசு இல்லை என்றான் பையன். வாடகை சைக்கிளுக்கு நான் காசு தருகிறேன், நீ வா என்றார் வாத்தியார். பள்ளி ஆசிரியரின் சம்பளம் அந்தக் காலத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அந்த சைக்கிள் பையன் மெல்பர்னுக்கும் ரோமுக்கும் போனான். ரோமில் இந்தியாவுக்கு வந்த மூன்று கோல்களில் இரண்டு அவன் காலிலிருந்து வந்தவை. நமது அறக்கட்டளை பஸ் பாஸ் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளின் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்த வாடகை சைக்கிள் நினைவு வரும்.

இப்போது மகனுக்கு வருவோம்.

ஊரார் பிள்ளைக்கு சைக்கிள் வாடகை கொடுத்தவரின் வீட்டில் ஒரு பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது. தகப்பன் டெல்லியில் தங்கம் வாங்கும்போது அதற்குப் பதினோரு வயது. பத்து கோல் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பதின்மூன்று. மெல்பர்ன் சமயத்தில் பதினேழு. தகப்பன் காலையில் ஒரு மைதானம், பள்ளி முடிந்தால் இன்னொரு மைதானம் என்று ஓடுகிறவர். மாதக்கணக்கில் முகாம். அந்தக் காலத்தில் ஒலிம்பிக்குக்குப் போனால் திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்று யோசியுங்கள். நம் சவூதிப் பாய்மார்களைப் போலத்தான், வீட்டில் இருந்த நாள் குறைவு. ஆனால் ஹக்கீமுக்குத் தகப்பன் எங்கே கிடைப்பார் என்று தெரியும். மைதானத்தில் கிடைப்பார். அந்தப் பிள்ளை அங்கே போனது.

போய், நன்றாகவும் ஆடியது. நடுக்களத்தில் ஆடுகிறவர். 1960 ரோம் ஒலிம்பிக்குக்கான இந்திய அணிப் பட்டியலில் சையத் ஷாஹித் ஹக்கீம் என்ற பெயர் வந்தது. வயது 21. பயிற்சியாளர், பெற்ற தகப்பன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

இங்கே நிர்வாகத்தில் இருக்கும் எல்லோருக்கும் இந்தச் சங்கடம் தெரியும். ஒரு வருடம் உதவித்தொகைப் பட்டியல் போடும்போது நிர்வாகி ஒருவரின் மகனும் மனுச் செய்திருந்தார். மதிப்பெண் இருக்கிறது, வீட்டு நிலையும் சுமார்தான், எந்த விதத்திலும் தகுதி உண்டு. ஆனாலும் பட்டியலை ஒட்டும்போது எங்கள் கை கூசியது. கொடுத்தால், செயற்குழுவில் அத்தா இருப்பதால் கொடுத்தார்கள் என்பார்கள். கொடுக்காவிட்டால், அந்தப் பிள்ளை அத்தாவுக்குப் பிறந்ததற்காகத் தண்டனை அனுபவிக்கிறது. கடைசியில் கொடுத்தோம். பேச்சு வந்ததா என்று கேட்காதீர்கள்.

ரோமில் இந்தியாவுக்குக் கடினமான பிரிவு. முதல் ஆட்டம் ஹங்கேரியோடு. 2-1 என்று தோற்றோம். அடுத்தது பிரான்ஸ். பி. கே. பானர்ஜி கோல் போட்டு முன்னிலை பெற்றோம். ஆட்டம் முடிய சில நிமிடங்கள் இருக்கும்போது பிரான்ஸ் சமன் செய்தது. மூன்றாவது பெருவோடு, 3-1 என்று தோல்வி. இந்த மூன்று ஆட்டத்தில் ஒன்றில்கூட ஹக்கீம் களமிறங்கவில்லை. இன்றுபோல் பாதி ஆட்டத்தில் ஒருவரை வெளியே அழைத்து மற்றவரை அனுப்பும் வழக்கம் அன்று கிடையாது. தொடக்கப் பதினொருவரில் பெயர் இல்லை என்றால் 90 நிமிடமும் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். பதினொருவரைத் தேர்ந்தெடுப்பவர் தகப்பன். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் மகன்.

யோசித்துப் பாருங்கள் பெரியோர்களே! ஒலிம்பிக் என்பது நான்கு வருடத்துக்கு ஒரு முறை. பெருவோடு ஆடும்போது மகனைக் களமிறக்கியிருக்கலாமே என்று ஒரு தகப்பன் மனசு சொல்லாதா? அன்று நாம் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரஹீம் சாப் இறக்கவில்லை. அதற்குப் பிறகு இந்தியா எந்த ஒலிம்பிக் கால்பந்துப் போட்டிக்கும் தகுதி பெறவே இல்லை. மகனுக்கு ஒலிம்பிக் வாய்ப்பு அதோடு முடிந்துவிட்டது.

அடுத்து 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. அந்த அணியில் ஹக்கீமின் பெயர் பட்டியலிலேயே இல்லை. தகப்பன் தன் வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றிக்குப் போனார், மகன் உடன் போகவில்லை.

ரஹீம் சாபுக்கு அப்போதே உடம்பு சரியில்லை. நுரையீரலில் புற்று. நிறையப் புகைப்பவர். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம், இங்கே வாசலில் நின்று புகைத்துவிட்டு உள்ளே வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். ஜகார்த்தாவில் முதல் ஆட்டமே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2. தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட்டார்கள். தையலோடு பின்வரிசையில் நின்று தலையால் பந்தைத் தடுத்தால் ஆபத்து. வேறு யாராக இருந்தாலும் அவரை உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் சாப் அவரை முன்வரிசைக்குக் கொண்டுபோய் நடுவில் நிறுத்தினார்.

செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் அந்தப் போட்டிக்கு அழைக்காததைப் பற்றி இந்திய விளையாட்டு நிர்வாகி ஒருவர் பேசியதில் இந்தோனேசிய மக்களுக்கு நம்மீது கடுங்கோபம். அரங்கம் நிறைய ஆள். இந்திய தேசிய கீதத்துக்கே கூச்சல். அத்தனை பேரில் நமக்காகக் கைதட்டியவர்கள் யார் தெரியுமா? ஹாக்கி ஆட வந்திருந்த பாகிஸ்தான் அணியினர்! முந்தின நாள் ரஹீம் சாப் பையன்களை உட்கார வைத்து, நாளை எனக்கு நீங்கள் ஒரு அன்பளிப்புத் தர வேண்டும், அந்தத் தங்கத்தை வென்று கொடுங்கள் என்று கேட்டதாக அவரிடம் ஆடியவர்கள் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் 20 நிமிடத்திலேயே பி. கே. பானர்ஜி ஒன்று, தலையில் தையலோடு ஜர்னைல் சிங் ஒன்று. கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து, மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் ராணுவத்தில் சேர்ந்தவர். கடைசியில் கொரியா ஒரு கோல் போட்டது. 2-1, தங்கம். அதன் பிறகு இன்றுவரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வாங்கியதில்லை.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11 அன்று, ரஹீம் சாப் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 53. நாங்கள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டோம். ஹக்கீமுக்கு அப்போது 24 வயதுகூட நிறையவில்லை.

மகனின் கதை இங்கே முடிந்திருக்கலாம். தகப்பனின் கையால் ஓரத்தில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளை, தகப்பனின் கடைசி வெற்றியில் இடம் பெறாத பிள்ளை, பந்தைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருந்தால் யார் குறை சொல்வார்கள்? வேலையும் நல்ல வேலைதான். விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடர் வரை உயர்ந்தவர். கௌரவமான பதவி, ஓய்வூதியம். போதாதா?

அவர் பந்தை விடவில்லை. சர்வீசஸ் அணிக்கு ஆடினார். ஆட்டம் முடிந்த வயதில் விசிலைக் கையில் எடுத்து நடுவரானார். ஃபீஃபா அங்கீகாரம் பெற்ற சர்வதேச நடுவர். ஆனால் கடைசியில் போய் நின்ற இடம் தகப்பன் நின்ற இடம்தான், கோட்டுக்கு வெளியே, பயிற்சியாளர் நிற்கும் இடம்.

1982-இல் டெல்லியில் மறுபடியும் ஆசிய விளையாட்டு. தகப்பன் முதல் தங்கம் வாங்கிய அதே நகரம். இந்திய அணியின் பயிற்சியாளர் பி. கே. பானர்ஜி. யார்? ஜகார்த்தாவில் ரஹீம் சாபுக்காக முதல் கோல் போட்டவர். துணைப் பயிற்சியாளர் ஹக்கீம். தகப்பனிடம் படித்தவரின் பக்கத்தில் மகன் நின்றார். பி. கே. பானர்ஜி ஆட்டக்காரருக்குச் சொல்லும் வார்த்தையில் எத்தனை வார்த்தை தன் வீட்டு வார்த்தை என்று ஹக்கீமுக்குக் காதில் விழுந்திருக்கும். அந்த வருடம் கால்இறுதியில் சவூதி அரேபியாவிடம் 1-0 என்று தோற்றார்கள். பிறகு மலேசியாவின் மெர்டேகா போட்டிக்குப் போன இந்திய அணிக்கு ஹக்கீமே தலைமைப் பயிற்சியாளர். கோவாவின் சல்கோகர் அணிக்கும் பயிற்சி கொடுத்தார்.

1998-இல் அவர் பழக்கிய மகிந்திரா அணி, ஈஸ்ட் பெங்காலை வென்று டூரண்ட் கோப்பையை எடுத்தது. டூரண்ட் என்றவுடன் உங்களுக்கு நினைவு வரும், முதலில் சொன்னோமே, 1950-இல் தகப்பனின் போலீஸ் அணி வாங்கிய அதே கோப்பை. நடுவே 48 வருடம். வாத்தியார் கையில் இருந்தது பிள்ளை கைக்கு வந்து சேர அவ்வளவு காலம். ஹக்கீமுக்கு அப்போது 59 வயது. தகப்பன் வாழ்ந்ததைவிட ஆறு வருடம் கூட.

அதற்கு மேலும் ஓயவில்லை மனிதர். இந்திய விளையாட்டு ஆணையத்தில் மண்டல இயக்குநராக வேலை பார்த்தார். 2017-இல் 17 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. அதற்கு முன் நாடெங்கும் நல்ல ஆட்டக்காரச் சிறுவர்களைத் தேடும் பணிக்கு அவரைப் பொறுப்பாக வைத்தார்கள். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. எந்த ஊரில் எந்தச் சந்தில் இன்னொரு பலராமன் சைக்கிள் வாடகைக்குக் காசில்லாமல் நிற்கிறான் என்று தேடுகிற வேலை! அந்த வருடமே அரசு அவருக்கு தியான் சந்த் விருது கொடுத்தது. தகப்பனுக்கு? பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருதே 1985-இல்தான் வந்தது. அவர் போய் 22 வருடம் கழித்து. தகப்பனாரை நாடு மறந்துவிட்டது என்ற மனக்குறையை ஹக்கீம் பத்திரிகைக்காரர்களிடம் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். தனக்கு ரோமில் வாய்ப்புக் கொடுக்காத தகப்பனுக்காக!

2021 ஆகஸ்ட் 22 அன்று குல்பர்காவில் ஹக்கீம் சாப் காலமானார். வயது 82. தகப்பனைப் பற்றிய சினிமா திரைக்கு வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

எங்கள் அத்தாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறோம். அத்தா ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதினவர். வீட்டில் பேச்சே கிடையாது. எங்கள் தலையைத் தடவிக் கொடுத்ததாக நினைவே இல்லை. ஆனால் இஷாவுக்குப் பிறகு சிட்டையைக் கொண்டுவந்து விரிப்பார். நாங்கள் சிட்டையிலிருந்து தொகையை வாசிக்க வேண்டும், அவர் பேரேட்டில் ஏற்றுவார். தப்பாக வாசித்தால் பேனா நிற்கும். நிமிர்ந்து பார்க்க மாட்டார், பேனா மட்டும் நிற்கும். நாங்கள் திருத்தி வாசித்தால் மறுபடி ஓடும். எட்டு வருடம் இப்படி. கல்லூரியில் நாங்கள் வணிகவியல் எடுத்ததும், இன்றைக்கு இந்த அறக்கட்டளையின் வரவு செலவை உங்கள் முன் வருடா வருடம் தைரியமாக வைக்கிறதும் அந்தப் பேனா நின்று ஓடியதால்தான். அது அன்பு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. எரிச்சலாகத்தான் இருந்தது. மற்றப் பையன்கள் தெருவில் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

அந்தச் சகோதரியிடம் நாங்கள் இதையெல்லாம் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்காரரை ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் மைதானத்துக்கு அனுப்புங்கள், பையன்களுக்குக் கணக்கு எழுத ஆள் இல்லை என்று மட்டும் சொன்னோம். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு பூட்ஸ் இல்லை என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். உண்மையிலேயே ஆள் தேவைதான், பொய் சொல்லவில்லை.

வந்தார். முதல் வாரம் நோட்டோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மகன் அந்தப் பக்கமே வரவில்லை. சென்ற ஞாயிறு கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்று, வெளியே போகும் பந்தை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பையன் உதைத்த பந்து ஒன்று சாக்கடை வரை போய்விட்டது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி எடுத்து வந்தார். எடுத்துக் கொடுக்கும்போது, "எடது காலு சும்மாதான இருக்கு, அதுல அடிச்சுப் பாரேன்" என்றார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பந்தை இடது காலால் அடித்தான். அதுவும் சாக்கடைக்குத்தான் போனது.

பாய்க்கு இன்னும் சில நாள் விடுப்பு இருக்கிறது. கோல் கம்பத்துக்கு வலை கட்டினால் சாக்கடைப் பிரச்சினை தீரும். சிலர் ஜகாத் நிதியிலிருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை. மைதானச் செலவு முழுதும் அதற்கென்றே சிலர் தனியாகக் கொடுத்த தொகையிலிருந்துதான், ரசீது புத்தகமும் தனி. வலைக்குக் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பாருங்கள். தொழுகைக்கு நேரமாகிவிட்டது.